நோஆனில் இல்லை, விக்கில்

அன்புள்ள ஐயா,

போன மாதம் நடு பிரான்ஸில் இருக்கும் நோஆன் கிராமத்துக்குப் போய், 19ஆம் நூற்றாண்டு நாவலாசிரியை ஜார்ஜ் சாண்டின் வீட்டைப் பார்த்தோம். பக்கத்திலேயே ஓட்டுத் தாழ்வாரம் வைத்த சின்னத் தேவாலயம். நீங்கள் எழுதியிருந்த 12ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்கள் அதில் இல்லையே? அப்புறம், மதச்சார்பற்ற நாட்டில் இதையெல்லாம் யார் பராமரிக்கிறார்கள்?

ஒரு வாசகர், பாரிஸ்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் பார்த்தது புனித அன்னாள் தேவாலயம். ஓவியங்கள் இருப்பது இரண்டு கிலோமீட்டர் தள்ளி, விக் ஊரின் புனித மார்ட்டின் தேவாலயத்தில். இரண்டு ஊரும் சேர்ந்துதான் நோஆன்-விக் என்ற கொம்யூன், அதாவது மேயர் தலைமையில் இயங்கும் உள்ளாட்சி. நான் பிரித்து எழுதியிருக்க வேண்டும், தப்பு என்னுடையது.

பராமரிப்பு? 1905 சட்டம் அரசையும் திருச்சபையையும் பிரித்த பிறகு, அதற்கு முன் கட்டிய பங்குக் கோயில்கள் பெரும்பாலும் கொம்யூனின் சொத்து. பாதிரியாருக்குப் பூசை வைக்கும் உரிமை உண்டு, கூரை ஒழுகினால் தலைவலி மேயருக்கு. சில நூறு பேர் இருக்கும் ஊருக்கு இது சின்னச் செலவில்லை. விக் தேவாலயம் பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் பட்டியலில் இருப்பதால் அரசும் கைகொடுக்கும்.

அந்தப் பட்டியலில் சேர்ந்த கதைதான் எனக்குப் பிடித்தது. 1849இல் சுண்ணாம்புப் பூச்சுக்கு அடியில் வர்ணம் இருப்பதை ஊர்ப் பாதிரியார் கண்டுபிடிக்கிறார். சேதி சாண்ட் மூலமாக, வரலாற்றுச் சின்னங்களின் தலைமை ஆய்வாளரும் எழுத்தாளருமான மெரிமேக்குப் போகிறது. 1833இல் இருவருக்கும் நடுவே ஒரு காதல் தொடங்கிய வேகத்திலேயே கசந்து முடிந்திருந்தது, ஆனாலும் மனுஷன் காரியத்தைப் பார்த்தார், மறு வருடமே கட்டடம் பட்டியலில் ஏறிவிட்டது.

உள்ளே போனால் செம்மண், மஞ்சள், வெள்ளை. இயேசுவைக் காட்டிக்கொடுக்க யூதாஸ் முத்தமிடும் காட்சியில் ஆட்கள் ஒருவரை ஒருவர் நெருக்கித் தள்ளுகிறார்கள். ஆனால் நீங்கள் தேட வேண்டியது ஒரு ஜன்னலை. 397இல் காந்த் என்ற ஊரில் இந்தக் கோயிலின் புனிதர் மார்ட்டின் இறந்ததும், எங்களிடம் துறவியாக இருந்தவர் என்று புவாத்தியே நகரத்துக்காரர்களும், எங்கள் ஆயர் என்று தூர் நகரத்துக்காரர்களும் உடலுக்குச் சண்டை போட்டார்களாம். ராத்திரி புவாத்தியேக்காரர்கள் அசந்து தூங்கிவிட, தூர்க்காரர்கள் சத்தமில்லாமல் உடலை ஜன்னல் வழியாக வெளியே கொடுத்து, படகில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். திருட்டுதான், சந்தேகமே இல்லை. அதைத்தான் கோயில் சுவரில் கூச்சமே இல்லாமல் வரைந்து வைத்திருக்கிறார்கள், தூங்குகிறவர்களையும் சேர்த்து.