பந்து ஓடும்போது அடுப்படியில் யார் நிற்பது?

கால்பந்து ஆட்டத்தை வீட்டில் பத்துப் பேரோடு கூடியிருந்து பார்க்கும் இரவுக்கு, கையில் எடுத்துத் தின்னும்படி என்ன பலகாரம் செய்யலாம் என்று நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் பல ஊர்களிலிருந்தும் கேட்டிருந்தீர்கள். குளச்சலை அடுத்த கடற்கரை ஊர் ஒன்றில் கல்யாண வீடுகளுக்கும் குருசடித் திருவிழாக்களுக்கும் பலகாரம் செய்து கொடுப்பது என் தொழில். கால்பந்து என் வீட்டுக்காரருக்கும் பிள்ளைகளுக்கும் பித்து, எனக்கும் கொஞ்சம் உண்டு. ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

தக்கலையிலிருந்து ஒரு தம்பி: அக்கா, முதன்முறையாக நண்பர்கள் பன்னிரண்டு பேரை வீட்டுக்கு அழைத்திருக்கிறேன். எதில் தொடங்க வேண்டும்?

முதலில் கடிகாரத்தைப் பாருங்கள், தம்பி. கிரிக்கெட்டில் ஓவருக்கு ஓவர் எழுந்து போய்வர நேரம் கிடைக்கும். கால்பந்தில் 45 நிமிடம் பந்து ஓடிக்கொண்டே இருக்கும், நடுவில் 15 நிமிடம் இடைவேளை, பிறகு மீண்டும் 45 நிமிடம். அந்த இடைவேளையில் எண்ணெய் காய்வதற்கே ஆறேழு நிமிடம் போய்விடும் என்பதால், சுடச்சுடப் பொரித்துப் பரிமாறலாம் என்ற எண்ணத்தை இப்போதே விட்டுவிடுங்கள்.

நான் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். 2022 டிசம்பர் 18 அன்று உலகக் கோப்பை இறுதி ஆட்டம் நம் நேரப்படி இரவு 8.30 மணிக்குத் தொடங்கியது. அர்ஜென்டினா இரண்டு கோல் முன்னிலையில் இருந்ததால் இனி ஒன்றும் நடக்கப்போவதில்லை என்று நம்பி, கடைசிப் பத்து நிமிடம் இருக்கும்போது இரண்டாவது ஈடு பருப்பு வடையை எண்ணெயில் போட்டேன். 80ஆவது நிமிடத்தில் எதிரணியான பிரான்ஸின் எம்பாப்பே பெனால்டியில் கோல் அடித்தார். கூடத்தில் எழுந்த கூச்சலைக் கேட்டு அரிகரண்டியோடு ஓடிவந்து, என்ன ஆயிற்று என்று நான் கேட்டு முடிப்பதற்குள், 97 விநாடி இடைவெளியில் அவருடைய இரண்டாவது கோலும் விழுந்துவிட்டது. திரும்பிப் போனபோது சீனச்சட்டியில் எட்டு வடைகளும் கரிக்கட்டையாகக் கிடந்தன, அடுப்படி முழுவதும் புகை. எண்ணெய் தீப்பிடிக்காமல் இருந்தது எங்கள் நல்ல காலம்.

அன்றிலிருந்து, முதல் விசிலுக்கு அரை மணி நேரம் முன்பே அடுப்பை அணைத்துவிடுகிறேன். ஆறிய பிறகும் வாய்க்கு நன்றாக இருக்கும் பண்டம், ஒரு கையால் எடுக்கக்கூடிய பண்டம், விரலில் குழம்போ பாகோ ஒட்டாத பண்டம் என்று பார்த்துத் தேர்ந்தால், நீங்களும் மற்றவர்களோடு உட்கார்ந்து ஆட்டம் பார்க்கலாம். பன்னிரண்டு பேருக்குப் பொரித்தது ஒன்று, ஆவியில் வெந்தது ஒன்று, கொறிக்க ஒன்று என மூன்று வகை போதும். நான்காவது வகை செய்கிறவருக்குப் பெருமையாக இருக்குமே தவிர, மறுநாள் காலையில் அது பாத்திரத்திலேயே கிடக்கும்.

மார்த்தாண்டம்: மரச்சீனிக்கிழங்கு (மரவள்ளி) இல்லாமல் எங்கள் வீட்டில் எந்தக் கூட்டமும் நடக்காது. ஆனால் கிழங்கும் மீன்கறியும் வைத்தால் மடியில் தட்டு, கை முழுக்கக் கறி என்றாகிவிடுகிறது. வேறு வழி உண்டா?

உண்டு, அதுவும் என் பட்டியலில் முதலிடம் கிழங்குக்குத்தான். விசாகம் திருநாள் மகாராஜா திருவிதாங்கூரில் இந்தப் பயிரைப் பரப்பிய 1880களிலிருந்து நம் பக்கத்து வயிறுகளை நிறைத்துவந்த கிழங்கு, கால்பந்து இரவுக்கு மட்டும் ஆகாமல் போகுமா?

இரண்டு கிலோ கிழங்கைத் தோலுரித்து, கைவிரல் நீளத்துக்கு வெட்டி, நிறையத் தண்ணீரில் மூடாமல் வேகவிடுங்கள். கிழங்கில் இயல்பாகவே இருக்கும் சயனைடு சார்ந்த நஞ்சு வெந்த தண்ணீரில் இறங்கிவிடும் என்பதால், அந்தத் தண்ணீரைக் கட்டாயம் வடித்துக் கொட்டிவிட வேண்டும். நம் அம்மாமார் காரணம் சொல்லாமலே செய்துவந்த வேலைதான் இது. முக்கால் பதம் வெந்ததும், அதாவது கத்தி இறங்க வேண்டும் ஆனால் துண்டு உடையக் கூடாது என்ற நிலையில், உப்புச் சேர்த்து இரண்டு நிமிடம் வைத்து வடித்து, துணியில் பரப்பி ஆறவிடுங்கள். ஆறிய துண்டுகளைப் பிளந்து நடுவில் ஓடும் நாரை உருவிவிட்டு, நெடுக்காக விரல் கனத்துக்குக் கீறிக்கொள்ளுங்கள். இதுவரையுள்ள வேலையை முந்தின நாளே முடித்துக் குளிர்பெட்டியில் வைத்துவிடலாம்.

ஆட்ட நாளன்று சாயங்காலம் தேங்காய் எண்ணெயில் ஒருமுறை வெளிர் நிறத்தில் பொரித்து எடுத்து, பத்து நிமிடம் ஆறவிட்டு, எண்ணெயை இன்னும் கொஞ்சம் காயவைத்து மறுமுறை பொன்னிறமாகும் வரை பொரித்தால், வெளியே மொறுமொறுப்பும் உள்ளே மாவுத்தன்மையும் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்கும். ஒருமுறை மட்டும் பொரித்தால் தேசிய கீதம் முடிவதற்குள் தொய்ந்துவிடும்.

தொட்டுக்கொள்ளக் காந்தாரி மிளகு (காரமான சின்ன மிளகாய்), சின்ன உள்ளி (சின்ன வெங்காயம்), கல்லுப்பு மூன்றையும் அம்மியில் ஒன்றிரண்டாகச் சதைத்து, பச்சைத் தேங்காய் எண்ணெய் விட்டுக் குழைத்து வையுங்கள். மிக்ஸியில் அரைத்தால் உள்ளி கசந்துவிடும். காந்தாரி தொட்ட விரலால் கோல் விழுந்த உணர்ச்சியில் கண்ணைத் துடைத்துக்கொள்பவர் கூட்டத்துக்கு ஒருவராவது இருப்பார் என்பதால், ஈரத்துணி ஒன்றையும் பக்கத்தில் வைப்பது நல்லது.

குழித்துறை: ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ் நானே போடுகிறேன். ஆனால் ஜூன், ஜூலை மழையில் மறுநாளே நமுத்துவிடுகிறது.

பெரும்பாலும் குற்றம் மழையில் இருப்பதில்லை, பொரிப்பை முன்கூட்டியே நிறுத்திவிடுவதில் இருக்கிறது. காயைச் சீவி நேராக எண்ணெயில் விழவிட்டு, முக்கால் பதத்தில் மஞ்சள் கலந்த உப்புத் தண்ணீரை ஒரு கரண்டி தெளிப்பீர்கள் அல்லவா, அப்போது எண்ணெய் சடசடவென்று பொங்கும். நிறம் வந்துவிட்டது என்று பலரும் அந்தச் சத்தம் அடங்குவதற்கு முன்பே அள்ளிவிடுகிறார்கள். சத்தம் என்பது காய்க்குள் இன்னும் ஈரம் இருப்பதற்கான அடையாளம். சத்தம் முழுவதும் நின்று, அரிகரண்டியால் கிளறும்போது சருகு உரசுவதுபோல் கலகலவென்று கேட்கும்போதுதான் எடுக்க வேண்டும். தண்ணீர் தெளிக்கும்போது ஓர் அடி தள்ளி நில்லுங்கள். நன்றாக ஆறிய பிறகே டின்னில் அடைத்து, ஆட்டம் தொடங்கும்போது திறந்தால் போதும். ஏற்கெனவே நமுத்த சிப்ஸை வெறும் சட்டியில் சிறு தீயில் மூன்று நான்கு நிமிடம் புரட்டினால் ஓரளவு மீண்டுவிடும். ஆளுக்கு ஐம்பது கிராம் கணக்கு.

தூத்தூர்: எங்கள் ஊரில் கால்பந்து என்றால் மீன் இல்லாமல் எப்படி? எந்த மீன் நல்லது?

தூத்தூர்க்காரருக்கு மீனைப் பற்றி நான் சொல்வது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான். இருந்தாலும், மேற்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடை இருப்பதால், உலகக் கோப்பை வழக்கமாக நடக்கும் அந்த மாதங்களில் பெரிய மீனை நம்பித் திட்டம் போட வேண்டாம். வள்ளத்தில் வரும் நெத்திலி கிடைத்தால் அதற்கு இணை வேறில்லை. முள்ளோடு வாயில் போட்டுக்கொள்ளலாம், முள் எடுக்கக் குனிந்த நேரத்தில் கோலைத் தவறவிட்டவர் என்ற பேரும் வராது.

அரை கிலோ நெத்திலியைத் தலை கிள்ளிக் கழுவி, தண்ணீரை முழுவதும் ஒற்றி எடுத்துவிட்டு, வத்தல்மிளகுப் பொடி (காய்ந்த மிளகாய்ப் பொடி), நல்லமிளகுப் பொடி (குறுமிளகுப் பொடி), மஞ்சள், உப்பு ஆகியவற்றோடு இரண்டு கரண்டி பச்சரிசி மாவும் பிசிறி அரை மணி நேரம் ஊறவையுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுப் பொரித்து, கடைசி ஈட்டோடு கறிவேப்பிலையையும் போட்டு எடுங்கள். பொரித்ததைக் கிண்ணத்தில் குவித்து மூடினால் தன் ஆவியிலேயே வெந்து துவண்டுவிடும், வாழையிலையில் பரப்பிவையுங்கள். செய்தித்தாளில் போட வேண்டாம், அச்சு மை எண்ணெயோடு சேர்ந்து உணவில் ஏறும். நம் புழுக்கத்தில் பொரித்த மீனோ இறைச்சியோ இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருக்கக் கூடாது என்பதால், இதைச் சிப்ஸுக்கு முன்பே காலி செய்துவிட வேண்டும். சொல்லாமலே அதுதான் நடக்கும்.

சுசீந்திரம்: எங்கள் வீடு சைவம். பொரித்த பண்டமும் பெரியவர்களுக்கு ஒத்துக்கொள்வதில்லை.

உங்களுக்கென்றே பிறந்தது ஓலைக்கொழுக்கட்டை. கார்த்திகைக்கு மட்டும்தான் அவிக்க வேண்டும் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. குருத்துப் பனையோலை கிடைத்தால் எந்த மாதத்திலும் செய்யலாம். வறுத்த பச்சரிசி மாவு இரண்டு பங்கு, வறுத்துப் பொடித்த சிறுபயறு அரைப் பங்கு, தேங்காய்த் துருவல் ஒரு பங்கு, சீவிய கருப்பட்டி ஒன்றரைப் பங்கு, சுக்கும் ஏலக்காயும் மணத்துக்கு. கையில் பிடித்தால் பிடியாக நிற்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் தெளித்துப் பிசைந்து, ஓலை மடிப்பில் அடைத்து, ஓலைக் கீற்றாலேயே கட்டி அரை மணி நேரம் ஆவியில் வேகவிடுங்கள்.

எங்கோ தயாரித்த காகித உறைக்குள் தின்பண்டத்தைச் சுற்றிக் கொடுப்பதைப் புதுமை என்கிறோம். நம் ஆட்கள் உறையையும் மணத்தையும் ஒரே ஓலையில் முடித்திருக்கிறார்கள். ஓலையை ஒரு கையால் பிடித்துப் பிரித்துக் கடித்தால் விரலில் ஒன்றும் ஒட்டாது, ஆறினால் சுவை கூடுமே தவிர குறையாது, காலையில் அவித்தது நள்ளிரவிலும் நன்றாக இருக்கும். ஓலை கிடைக்காத வீட்டில் வாழையிலையில் இலையப்பமாகச் செய்துகொள்ளலாம், பனையோலை மணம் மட்டும் வராது. இனிப்பு வேண்டாதவர்களுக்கு அவித்த நிலக்கடலை போதும்.

அருமனை: வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பொரிக்கும் பழம்பொரியைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லையே?

மனமில்லாமல்தான் விட்டேன், மக்களே. எனக்கும் அதுதான் மிகப் பிடித்த பலகாரம். ஆனால் அது சட்டியிலிருந்து எடுத்த இருபது நிமிடம்தான் அழகு. அதன் பிறகு மாவு ஈரத்துணிபோல் உரிந்துவரும். ஆட்டத்துக்கு முன்னால் வருகிறவர்களை வரவேற்கச் சாயாவோடு கொடுத்துவிடுங்கள்.

நாகர்கோவில்: கடையில் பரோட்டாவும் சிக்கனும் வாங்கிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லையே?

வாங்கலாம். பரோட்டாவைப் பிய்க்க இரண்டு கை வேண்டும், சால்னாவை வைக்க ஓர் இடம் வேண்டும், கூடத்தில் விரிப்பு இருந்தால் அதைச் சலவைக்குப் போடும் மனமும் வேண்டும். சிக்கன் மட்டும் வாங்கி, எலும்பில்லாத துண்டுகளாகப் பார்த்து, பல்குச்சி குத்திவையுங்கள்.

குளச்சல்: ஆட்டமே நள்ளிரவு 12.30 மணிக்கு என்றால் என்ன கொடுப்பது? சிலர் இரவுச் சாப்பாடு முடித்துத்தான் வருவார்கள்.

2026 உலகக் கோப்பை அமெரிக்கா, கனடா, மெக்சிகோ நாடுகளில் நடப்பதால் நம்மில் பலருக்கும் இதே கேள்விதான். இறுதி ஆட்டமே நம் நாட்காட்டிக்கு ஜூலை 20 அதிகாலை 12.30 மணி. சாப்பிட்டு வந்தவர்களுக்கு அந்த நேரத்தில் பசி இருக்காது, வாய்க்கு ஏதாவது வேண்டும் என்றுதான் இருக்கும். ஆகவே எண்ணெய்ப் பண்டத்தை பாதியாகக் குறைத்து, கொழுக்கட்டையையும் கடலையையும் கூட்டிக்கொள்ளுங்கள். ஃபிளாஸ்க் இரண்டு போதும்: ஒன்றில் கருப்பட்டி போட்ட சுக்குக் காபி, மற்றொன்றில் கட்டன் சாயா. பால் சேர்த்தால் ஃபிளாஸ்கில் வாடை வந்துவிடும். அதிகாலை 3.30 மணி ஆட்டமாக இருந்தால் பலகாரத்தை மறந்துவிட்டு, முடியும் நேரத்துக்குப் புட்டும் பயறும் மட்டிப்பழமும் தயாராகும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அது காலைச் சாப்பாட்டோடு சேர்ந்துவிடும்.

இரணியல்: வீட்டில் நான்கு வயதுப் பேரன் இருக்கிறான். வேறு ஏதாவது கவனிக்க வேண்டுமா?

அவனுக்கு எட்டும் உயரத்தில் நிலக்கடலையும் முந்திரியும் வேண்டாம். துள்ளிக்கொண்டும் கத்திக்கொண்டும் தின்னும் குழந்தைக்கு முழுக்கடலை மூச்சுக்குழாயில் சிக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. பழுத்த மட்டிப்பழம் ஒன்றைக் கையில் கொடுத்து, உட்காரவைத்துத் தின்னச் சொல்லுங்கள்.

மணவாளக்குறிச்சி: ஒவ்வொரு முறையும் இடைவேளைக்குள்ளேயே எல்லாம் தீர்ந்துவிடுகிறது. கூடுதல் நேரம் என்றால் வெறும் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

வைத்ததை முழுவதும் வெளியே வைப்பதால் வரும் வினை. செய்ததை முதலிலேயே மூன்றாகப் பிரித்து, ஆட்டத் தொடக்கத்துக்கு ஒரு பங்கு, இடைவேளைக்கு ஒரு பங்கு என்று எடுத்துவையுங்கள். மூன்றாவது பங்கு சிப்ஸும் கொழுக்கட்டையுமாக மட்டும் இருக்கட்டும், ஏனென்றால் கூடுதல் நேரம் 30 நிமிடமும் அதற்குப் பிறகு பெனால்டியும் வந்தால், முதல் விசிலிலிருந்து இரண்டரை மணி நேரத்துக்கும் மேலாகிவிடும். மீன் அவ்வளவு நேரம் தாங்காது. அந்த டின் எங்கே இருக்கிறது என்பது ஒருவருக்கு மட்டுமே தெரிந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அது அரிசிப் பானைக்குள் இருக்கும். என் வீட்டுக்காரர் இன்னும் பீரோவின் மேல்தான் தேடிக்கொண்டிருக்கிறார்.