நீர்நாயின் முதுகு – கடிதம்

அன்புள்ள ஐயா,

மூன்று குளிர்காலமாக, உறைந்து கிடக்கும் சதுப்பின் கரையில் நீர்நாய், கீரி போல நீண்ட உடம்புள்ள மிங்க், பெருத்த நீரெலி போன்ற மஸ்க்ராட் என்று துரத்திக்கொண்டிருக்கிறேன். பறவைகளுக்காக வாங்கிய 600 மி.மீ. லென்ஸ்தான் கையில். கிடைப்பதெல்லாம் முதுகும் வாலும். தப்பித்தவறி முகம் கிடைத்தால் பனி சாம்பலாகவும், ரோமம் கூழாகவும் இருக்கிறது. 800 மி.மீ. வாங்கு என்கிறார்கள் நண்பர்கள். ஆறு படங்கள் இணைத்திருக்கிறேன். வாங்கலாமா?

ர.

அன்புள்ள ர.,

வேண்டாம். காசு பத்திரமாக இருக்கட்டும்.

‘துரத்திக்கொண்டிருக்கிறேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். கோளாறு அதில்தான். முதுகு மட்டும் கிடைக்கிறதென்றால், நீங்கள் பார்ப்பதற்கு முன்பே அது உங்களை மோப்பம் பிடித்துக் கிளம்பிவிட்டது என்று அர்த்தம். பின்னால் போகப் போக இன்னும் முதுகுதான்.

இந்தப் பிராணிகள் தடம் மாறாதவை. கரையில் துருத்திய கல்லிலோ விழுந்த மரத்திலோ மீன் செதில் கலந்த எச்சம் கிடந்தால், நீர்நாய் அங்கே திரும்பத் திரும்ப வரும். மஸ்க்ராட் குளிர்காலத்தில் தூங்கிக் கழிக்கும் ஜாதி இல்லை. பனிக்கட்டியில் ஓட்டை போட்டு, அதன்மேல் நீர்ச்செடிகளைக் குவித்துக் குடிசை மாதிரி வைத்துக்கொள்ளும். உள்ளே ஏறி மூச்சு வாங்கவும், சாப்பிடவும். ஓடை வந்து சேருமிடத்தில் தண்ணீர் உறையாமல் கிடக்கும். அந்த இடத்தைக் கண்டுபிடித்து, காற்று உங்கள் முகத்தில் அடிக்கும் பக்கமாகத் தரையோடு தரையாகப் படுத்துவிடுங்கள். அப்புறம் அசையக் கூடாது.

எனக்கு அப்படி ஒரு காலை வாய்த்தது. இரண்டு மணி நேரம் கழித்து, ஏழெட்டு மீட்டர் தள்ளி ஒரு மஸ்க்ராட் பனிவிளிம்பில் ஏறி உட்கார்ந்தது. சம்புக்கோரையின் கிழங்கை இரு முன்கால்களாலும் பிடித்துத் திருப்பித் திருப்பிக் கொறித்தது. அந்தச் சத்தம் காதில் விழுந்தது. ரோம நுனிகளில் நின்ற தண்ணீர் அதற்குள் மணிமணியாக உறைந்துவிட்டது. உடம்பைச் சிலுப்பியபோது துளிகள் தெறிக்கவில்லை, உதிர்ந்தன. அன்று என்னிடம் இருந்தது 400 மி.மீ. அதுவே அதிகம்.

ரோமம் கூழாவதற்கு லென்ஸைத் திட்டாதீர்கள். கதகதப்பான காரிலிருந்து எடுத்த லென்ஸின் முன்குழலில் வெப்பக்காற்று அலையாடும். அரைமணி நேரம் வெளியே குளிரவிட்டுப் பிறகு எடுங்கள். உறையாத தண்ணீருக்கு மேலும் அதே அலைதான். தூரம் கூடக் கூட மோசமாகும். 800 மி.மீ. அந்த அலையையும் சேர்த்தே பெரிதாக்கித் தரும்.

சாம்பல் பனி சின்ன விஷயம். கேமராவில் ஒளியை அளக்கும் மீட்டர் வெள்ளையையும் நடுச்சாம்பலாக்கப் பார்க்கும். படத்தில் விழும் வெளிச்சத்தை (எக்ஸ்போஷர்) ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப் வரை கூட்டுங்கள்; ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு வெளிச்சம். மிங்கின் கரும்பழுப்பு ரோமத்திலும் இழை தெரியும். மிங்கின் சின்ன உறவான ஸ்டோட் என்றால் கதை வேறு: கடுங்குளிர் பகுதிகளில் உடம்பெல்லாம் வெளுத்துவிடும், வால்நுனி மட்டும் கறுப்பு. பனியில் ஒரு கறுப்புப் புள்ளி தானாக ஓடுவது போலிருக்கும். பகல் சுருங்குவதை வைத்து நிறம் மாற்றும் பிராணி அது. பனி விழாத வருஷத்தில் காய்ந்த நாணலுக்கு நடுவே வெள்ளைவெளேரென்று மாட்டிக்கொண்டு முழிக்கும், பாவம்.

ஒரு தப்பையும் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை கோணம் மறைக்கிறதென்று, அந்தச் செடிக் குடிசையின் ஓரத்தைக் கொஞ்சம் விலக்கினேன். குளிர் உள்ளே போகாமல் காப்பதே அந்தக் குவியல்தான். மறுநாள் ஓட்டை இறுகி உறைந்திருந்தது. அந்தக் குளிர்காலம் முழுக்க அங்கே எதுவும் ஏறவில்லை. நாணலையும் குடிசையையும் சுற்றிப் பனிக்கட்டி மெலிந்திருக்கும் என்பதால் உங்கள் உயிருக்கும் நல்லதல்ல. கரையிலேயே இருங்கள்.

உபரி பேட்டரியை உள்சட்டைப் பையில் வையுங்கள். வீட்டுக்குள் நுழையும் முன்பே கேமராவைப் பையில் போட்டு மூடிவிடுங்கள், இல்லையென்றால் வேர்த்துவிடும்.

சரி, உங்கள் ஐந்தாவது படத்தைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். நீர்நாயின் வாலை விடுங்கள். வலது ஓரத்தில், தண்ணீரிலிருந்து மரவேர் வரைக்கும் பனியில் இரண்டிரண்டாகத் தடங்கள், ஜோடிக்கு ஜோடி லேசாகச் சாய்ந்து. மிங்க் குதித்தோடினால் அப்படித்தான் பதியும். ஒரு வரிசை வேருக்குப் போகிறது, இன்னொன்று திரும்பி வருகிறது. அந்த வேருக்கு எதிரே போய்ப் படுங்கள்.