அவித்த மாவில் ஸ்கோன் பொங்காது

மாங்குளத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "முழுக் கோதுமை வாங்கி, கழுவிக் காயவைத்து மில்லில் அரைப்பித்தேன். வழமைபோல அவித்து அரித்து வைத்த மாவில் பிளம்ஸ் (உலர்ந்த திராட்சை) போட்டு ஸ்கோன் (பேக்கிங் பவுடரில் பொங்கும் சின்னப் பணிஸ்) சுட்டேன். மேலே கல்லு, உள்ளே உதிரல். அடுத்தமுறை பேக்கிங் பவுடரை இரண்டு மடங்காக்கினேன், கைப்புத்தான் கூடியது. ஓவனில் பிழையா அக்கா?"

ஓவனில் ஒரு பிழையும் இல்லை, தங்கச்சி. "வழமைபோல அவித்து" என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, விசயம் அங்கேதான் இருக்கிறது. புட்டுக்கும் இடியப்பத்துக்கும் நாங்கள் கோதுமை மாவை அவிப்பது அது சவ்வுபோல இழுபடக்கூடாது என்பதற்காக. ஸ்கோனுக்கோ அந்த இழுவை கொஞ்சம் வேண்டும். கோதுமையிலுள்ள குளுட்டன் என்ற புரதம் நனைந்ததும் வலையாகப் பின்னி, பேக்கிங் பவுடர் விடும் வாயுவைப் பிடித்து வைக்கிறது. ஆவியில் வெந்துபோன புரதம் பிறகு பின்னாது. பவுடரை எவ்வளவு கூட்டினாலும் வாயு வந்த வழியே போய்விடும், கைப்பு மட்டும் மிஞ்சும்.

ஆகவே பச்சை மா. ஆனால் அரைப்பித்த கையோடு வேண்டாம். மில்லால் வரும் மாப்பையை மடியில் வைத்துக்கொண்டு சைக்கிளிலோ ஓட்டோவிலோ வந்திருந்தால் தெரியும், தொடை சுடும். அந்தச் சூட்டில் பட்டர் உருகி மாவோடு கலந்துவிடும். அது சின்னச்சின்னத் துண்டாகவே மாவுக்குள் கிடந்து ஓவனுக்குள் போய்த்தான் உருகவேண்டும்; அந்த இடங்கள்தான் பிட்டால் அடுக்கடுக்காகப் பிளக்கும். மாவைத் தாளில் பரப்பி ஆறவிட்டு, ஓர் இரவு பிரிஜ்ஜில் வையுங்கள். பட்டரையும் கட்டியாக உறையவிட்டு கரட் துருவியில் துருவிப் போடுங்கள். வன்னி வெயிலில் மத்தியானம் கையால் பட்டர் பிசறுவது வீண் வேலை, விடியப்புறம் செய்யுங்கள்.

மில்லில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஒருமுறை எனக்கு முன்னால் யாரோ மிளகாய்த்தூள் அரைப்பித்துப் போயிருந்தார்கள். அன்றைய ஸ்கோனைத் தின்ற என் மருமகன் மூன்று கோப்பை தண்ணீர் குடித்தான். அன்றிலிருந்து முதலில் ஒரு சுண்டு பச்சையரிசியை விட்டு அரைப்பித்து, மெசினைத் துடைத்த பிறகுதான் என் கோதுமையைக் கொடுக்கிறேன்.

இனிக் கப்பி. அரிதட்டில் மிஞ்சுகிற அந்தத் தவிட்டை நீங்கள் கோழிக்குப் போட்டிருப்பீர்கள். போடவேண்டாம். கடை மாவில் தவிடும் முளையும் நீக்கப்பட்டிருக்கும். வீட்டு மாவின் வாசமே அவற்றில்தான். ஆனால் தவிடு தண்ணீரை மெதுவாகக் குடிக்கும். காய்ந்தபடி போட்டால் ஓவனுக்குள்ளேயே ஈரத்தை உறிஞ்சி ஸ்கோனை வறட்டிவிடும், கூர் விளிம்பால் குளுட்டன் வலையையும் அறுக்கும். அதனால் கப்பியைத் தனியே எடுத்து, சேர்க்கவிருக்கும் பாலிலேயே அரை மணித்தியாலம் ஊறவிடுங்கள். விரலால் நசித்தால் பசைபோல வரவேண்டும்.

அளவு: வீட்டு மா 150 கிராம், கடைக் கோதுமை மா 100 கிராம், தட்டையாக 3 தேக்கரண்டி பேக்கிங் பவுடர், 2 மேசைக்கரண்டி சீனி, ஒரு சிட்டிகை உப்பு, பட்டர் 60 கிராம், ஒரு முட்டை, கப்பி ஊறிய பால் 120 மில்லிலீற்றர். குரக்கன் மா சேர்க்க ஆசையென்றால் வீட்டு மாவில் 50 கிராமைக் குறைத்துப் போடலாம். குரக்கனில் குளுட்டன் இல்லை, அதற்குமேல் போனால் பழைய கதைதான்.

பிளம்ஸ் ஒரு கைப்பிடி போதும். சூடான பிளேன்டீயில் பத்து நிமிடம் ஊறவைத்துப் பிழிந்து போடுங்கள், இல்லாவிட்டால் அதுவும் மாவின் ஈரத்தைக் குடிக்கும். பாலைப்பழம் போடலாமா என்று இதற்குமுன் இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். உதட்டில் ஒட்டும் அந்தப் பால் மாவுக்குள் என்ன செய்யும் என்று யோசியுங்கள். அதைத் தனியே தின்னுங்கள்.

குழைத்த மா கையில் லேசாக ஒட்டவேண்டும். ரொட்டிக்குப்போல அடித்துப் பிசையவேண்டாம், சேர்த்துப் பிடித்தால் போதும். பத்து நிமிடம் மூடி வைத்து, இரண்டரை சென்ரிமீற்றர் தடிப்பில் தட்டி, கூரான கத்தியால் முக்கோணமாக வெட்டுங்கள். தம்ளரால் அமுக்கித் திருகினால் ஓரம் ஒட்டிக்கொண்டு மேலே எழும்பாது. 210 பாகை செல்சியஸில் நன்றாகச் சூடேறிய ஓவனில் 14, 15 நிமிடம். ஓவன் இல்லாதவர்கள் தடிப்பைப் பாதியாக்கி, தோசைக்கல்லில் மெல்லிய நெருப்பில் மூடி, இரண்டு பக்கமும் ஏழெட்டு நிமிடம் சுடலாம். ஸ்கொட்லாந்தில் ஆதியில் சுட்டதும் கல்லில்தான். இங்கிலாந்தில் ஜாமும் கிறீமும் வைத்துத் தின்பார்கள். எனக்கு எருமைத் தயிரின் தடித்த ஆடையே போதும்.

மிச்சப் பச்சை மாவைப் பிரிஜ்ஜிலேயே வையுங்கள். முளையின் எண்ணெய் இந்த வெக்கையில் சீக்கிரம் காறிவிடும், அதனால் ஒருமுறைக்கு ஒரு கிலோவுக்குமேல் அரைப்பிக்க வேண்டாம். ஏற்கெனவே அவித்து வைத்திருக்கிற மா இருக்கிறதே, அது இன்றிரவுக்குப் புட்டு.