துப்பட்டா வேண்டாம், இரண்டு இட்லி போதும்

கேள்வி: பிறந்தநாளுக்கு மைக்ரோலைட் என்கிற இரண்டு பேர் குட்டி விமானத்தில் ஒரு சுற்றுப் போகலாம் வா என்று அண்ணன் பிடிவாதமாகக் கூப்பிடுகிறான். நான் மொட்டை மாடிச் சுவரோரம் நின்றாலே உள்ளங்கால் கூசுகிற ஆள். போகலாமா?
– ஒரு வாசகி, ஓசூர்

பதில்: தாராளமாகப் போங்கள். நானும் உங்கள் ரகம்தான், மூன்றாம் மாடி பால்கனியில் துணி காயப்போடக்கூட யோசிப்பேன். சில வருஷங்களுக்கு முன் பெங்களூரு ஜக்கூர் விமானத் தளத்தில் முதல்முறை ஏறினேன். மேலே முக்கோணத் துணி இறக்கை, கீழே மூன்று சக்கரம், முன்னால் பைலட், அவர் முதுகை ஒட்டி நான், என் முதுகுக்குப் பின்னால் எஞ்சின், கதவு என்று ஒன்று கிடையவே கிடையாது. ஓடுபாதையில் தடதடவென்று ஓடிய அந்தச் சில நொடிகள்தான் உயிர் போனது. தரையை விட்டதும் பயத்தைக் காணோம்! மாடியில் நிற்கும்போது காலடியிலிருந்து சுவர் கீழேவரை இறங்குகிறதே, கண் அதைப் பிடித்துக்கொண்டே போய் உயரத்தை அளந்துவிடுகிறது. ஆயிரம் அடியில் அப்படிப் பிடித்து இறங்க எதுவும் இல்லை, ஏரியும் வீடுகளும் வரைபடம் மாதிரி கிடக்கின்றன. எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன், எனக்கு இருந்தது.

வயிற்றைக் கலக்குவது உயரமல்ல, காற்று. நம் நாட்டு விதிப்படி மைக்ரோலைட்டின் எடை ஆட்கள், பெட்ரோல் எல்லாம் சேர்த்தே அதிகபட்சம் சுமார் 450 கிலோதான், அதனால் வெயில் ஏறித் தரை சூடாகி வெப்பக்காற்று மேலெழும்பத் தொடங்கியதும் மேட்டுப்பள்ளச் சாலையில் போகும் டவுன் பஸ் மாதிரி குலுக்கும். விடிந்ததும் கிடைக்கிற முதல் நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். வெறும் வயிற்றோடும் போகாதீர்கள், இரண்டு இட்லி போதும். உங்கள் எடையைக் கேட்பார்கள், கூச்சப்பட்டுக் குறைத்துச் சொல்ல வேண்டாம்.

அப்புறம் முக்கியமானது: துப்பட்டா வேண்டவே வேண்டாம். இந்த வகையில் சுற்றும் விசிறி உங்களுக்குப் பின்னால்தான் இருக்கிறது, பறந்துபோகிற எதுவும் நேரே அதில்தான் போய் விழும். தொப்பி, பிரித்துவிட்ட கூந்தல், செல்ஃபி எடுக்கிற போன் எல்லாவற்றுக்கும் இதேதான்.

கேள்வி: நடுவானில் எஞ்சின் நின்றுவிட்டால்?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: கல் மாதிரி விழாது. துணி இறக்கை வண்டியானாலும், காற்று சாதகமாக இருந்தால், இறங்குகிற உயரத்தைப் போல ஐந்தாறு மடங்கு தூரம் முன்னால் மிதந்து போகும். ஆயிரம் அடி என்றால் ஒன்றரை கிலோமீட்டருக்குமேல் கையில் இருக்கிறது. அதற்குள் ஒரு தரிசு நிலம் அகப்பட வேண்டும், அதனால்தான் நல்ல பைலட் பேசிக்கொண்டே வந்தாலும் கண் மட்டும் கீழே நிலம் தேடிக்கொண்டிருக்கும். ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஏறுமுன் அவருடைய லைசென்ஸைக் காட்டச் சொல்லுங்கள், முகம் சுளித்தால் டிக்கெட் காசு போனாலும் பரவாயில்லை, திரும்பி வந்துவிடுங்கள்.