இரண்டு கோடு விழுந்தால் இரண்டு தொற்றா?

கேள்வி: நம்பிக்கை மையத்தில் எனக்குச் செய்த ரத்தப் பரிசோதனையில் எச்.ஐ.வி.-1, எச்.ஐ.வி.-2 இரண்டுக்கும் கோடு விழுந்ததாகச் சொல்லி, மறுபடியும் ரத்தம் எடுத்து வேறு ஆய்வகத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். எனக்கு இரண்டு தொற்றுமே இருக்கிறதா? எந்த வகை என்று தெரிந்து என்ன ஆகப்போகிறது? (வாசகர், திருச்சி)

பதில்: இரண்டு கோடு விழுந்ததாலேயே இரண்டு தொற்றும் இருக்கிறது என்று தயவுசெய்து முடிவுகட்டிக்கொள்ளாதீர்கள். இப்படி வருபவர்களில் பலருக்கு, அடுத்தகட்டப் பரிசோதனையில் எச்.ஐ.வி.-1 மட்டுமே இருப்பது தெரியவருகிறது.

அந்தச் சிறிய பிளாஸ்டிக் அட்டையின் நடுவிலுள்ள வெள்ளைப் பட்டையில், பரிசோதனை சரியாக நடந்ததைக் காட்டும் கோட்டுக்கு ஓர் இடமும், 1, 2 என்ற வகைகளுக்குத் தனித்தனி இடமும் இருக்கும். பொதுவாக 1-ஆம் இடத்தில் எச்.ஐ.வி.-1 வைரஸின் உறைப் புரதமான ஜி.பி.41-ஐயும், 2-ஆம் இடத்தில் எச்.ஐ.வி.-2-இன் ஜி.பி.36-ஐயும் ஒத்த துண்டுகளைப் பதித்திருப்பார்கள். ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்புப் பொருள் தனக்குரிய புரதத்தில் போய் ஒட்டிக்கொள்ளும்போது அங்கே கோடு தெரிகிறது. இந்த இரண்டு வைரஸ்களும் உறவுக்காரர்கள் என்பதுதான் சிக்கல். அக்காவைத் தேடி வந்தவர் தங்கையின் முகச்சாயலைப் பார்த்து ஒரு கணம் நின்றுவிடுவதைப்போல, எச்.ஐ.வி.-1-க்கு எதிராக உண்டான எதிர்ப்புப் பொருள் 2-ஆம் இடத்திலும் கொஞ்சம் ஒட்டிவிடுவதுண்டு. அப்போது மங்கலாகவேனும் இன்னொரு கோடு எழும். எனவே உங்களைப் பரிசோதித்தவர் தவறு செய்யவில்லை. மேல்பரிசோதனைக்கு அனுப்பியதன் மூலம் அவர் செய்ய வேண்டியதைச் சரியாகவே செய்திருக்கிறார்.

ரத்தம் போய்ச் சேரும் ஆய்வகத்தில், ஒவ்வொரு வகைக்கும் உரிய பல புரதங்களை வரிசையாக வைத்து, எதில் ஒட்டுகிறது, எவ்வளவு அழுத்தமாக ஒட்டுகிறது என்று பார்ப்பார்கள். அதிலும் தெளிவு வராவிட்டால், எதிர்ப்புப் பொருளை விட்டுவிட்டு, வெள்ளை அணுக்களுக்குள் தங்கியிருக்கும் வைரஸின் மரபணுவையே பி.சி.ஆர். முறையில் தேடுவதுண்டு. உண்மையிலேயே இரண்டும் சேர்ந்திருக்கும் சிலரை ஐயமின்றிக் கண்டறிவது இந்த முறைதான்.

வகை தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். எச்.ஐ.வி.-2 பொதுவாக மெதுவாக முன்னேறுகிறது, தாயிடமிருந்து குழந்தைக்குப் பரவுவதும் குறைவு. ஆனால் நெவிரபின், எஃபாவிரென்ஸ் ஆகிய மருந்துகளுக்கு அது இயல்பிலேயே கட்டுப்படாது. அந்த மருந்துகள் பரவலாக இருந்த காலத்தில் வகையைத் தவறாகக் குறித்தால், மாத்திரையைத் தவறாமல் விழுங்கியும் முழுப்பலன் கிடைக்காத நிலை நோயாளிக்கு ஏற்படும். இப்போது முதலில் தரப்படும் டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் கூட்டு மருந்து இரண்டு வகைக்கும் பயன்படுவதால், வகையை அறிவதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. பின்னாளில் மருந்தை மாற்றும் தேவை வந்தால், உங்கள் மருத்துவர் முதலில் பார்ப்பது இந்த வகையைத்தான்.

கேள்வி: என் கணவருக்கு எச்.ஐ.வி.-2 என்று உறுதியாகியிருக்கிறது. வெளியில் ஓர் ஆய்வகத்தில் வைரஸ் அளவைப் பார்த்தோம். ‘வைரஸ் காணப்படவில்லை’ என்று வந்திருக்கிறது. குணமாகிவிட்டதா? மாத்திரையை நிறுத்தலாமா? (வாசகி, சேலம்)

பதில்: நிறுத்தவே கூடாது, அம்மா. வெளி ஆய்வகங்களில் வழக்கமாகச் செய்யும் வைரஸ் அளவுப் பரிசோதனை எச்.ஐ.வி.-1-இன் மரபணுவைத் தேடுவதற்காக வடிவமைக்கப்பட்டது, எச்.ஐ.வி.-2 ரத்தத்தில் இருந்தாலும் அந்தக் கருவியின் கண்ணில் படாது. எச்.ஐ.வி.-2-க்கென்றே செய்யப்படும் பரிசோதனையில்கூட, மருந்தே தொடங்காத பலருக்கு வைரஸ் தென்படுவதில்லை, ஏனென்றால் ரத்தத்தில் அதன் அளவு இயல்பாகவே குறைவு. அந்தத் தாளையும் வகையை உறுதிசெய்த அறிக்கையையும் கூட்டு மருந்து மையத்துக்கு எடுத்துச்சென்று, கணவரின் சி.டி.4 எண்ணிக்கை (நோய் எதிர்ப்புக்கு உதவும் ஒருவகை வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை) இதுவரை எப்படிப் போயிருக்கிறது என்று மருத்துவரிடம் கேளுங்கள். அவருடைய உடல்நிலையைக் கணிக்க இப்போதைக்கு அந்த எண்ணிக்கையே நம்பகமானது. இனி எந்த ஆய்வகத்துக்குப் போனாலும், ரத்தம் கொடுப்பதற்கு முன்பே எச்.ஐ.வி.-2 என்று சொல்லிவிடுங்கள்.