காட்டுக்குள் ஜீப் ஓட்டலாமா? கேள்விகளும் பதில்களும்

வனச்சரகராக இருந்து ஓய்வுபெற்று இப்போது தாம்பரத்தில் வசிக்கிறேன். ஃபோர் பை ஃபோர் (நான்கு சக்கரங்களுக்கும் இயந்திர விசை போகும்) வண்டி வாங்கியிருக்கும் சென்னை நண்பர்கள் பலர் அனுப்பிய கேள்விகளில், ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்து இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

அம்பத்தூர் வாசகர்: ஐயா, செயற்கைக்கோள் வரைபடத்தில் காட்டுக்குள் நேராக ஒரு பாதை தெரிகிறது. வாயிற்கதவும் இல்லை, பலகையும் இல்லை. போகலாம்தானே?

காட்டில் பாதை அவ்வளவு நேராக இருந்தால் அது பெரும்பாலும் தீத்தடுப்புக் கோடு. தீ ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தாவாமலிருக்கக் கோடைக்கு முன் புல்லையும் புதரையும் வெட்டி ஒதுக்கிய வெற்று நிலம் அது. வண்டிக்காகப் போட்ட வழியல்ல. சரிவில் செம்மண் மீது நான்கு வண்டிகள் ஏறினால் சக்கரத் தடம் பள்ளமாகும். அடுத்த மழையில் தண்ணீர் அதிலேயே இறங்கி ஓடி ஓடையாக அறுத்துவிடும். பலகை இல்லை என்பது அனுமதி ஆகாது. அரசு காப்புக்காடு என்று அறிவித்த வனத்துக்குள் அனுமதியின்றி நுழைவதே தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். 1882-இல் வந்த சட்டம் அது. ஜீப் வருவதற்கு வெகுகாலம் முன்பே இருக்கிறது. சந்தேகம் இருந்தால் அந்த வனச்சரக அலுவலகத்துக்குப் போய்க் கேளுங்கள். கேட்க வந்தவரை யாரும் கடிக்கமாட்டார்கள்.

வேளச்சேரி வாசகி: மலையேற்றத்துக்கு முன்பதிவு செய்யும் ட்ரெக் தமிழ்நாடு இணையதளத்தில் குடியம் குகைக்கு டிக்கெட் எடுத்தால் எங்கள் ஜிம்னி ஜீப்பையும் உள்ளே கொண்டுபோக முடியுமா?

முடியாது அம்மா. அது வழிகாட்டியுடன் நடந்து போவதற்கான டிக்கெட். 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு தொடங்கிய திட்டம் அது; அனைத்தும் நடைப் பாதைகள். பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை தீக் காலம் என்று மூடியும் வைக்கிறார்கள். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் நடைப் பயணிகள் தீயில் சிக்கி இறந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். ஜீப்பால் வரும் ஆபத்து இன்னொரு வகை. முழங்கால் உயரக் காய்ந்த புல்லில் ஓட்டினால் அது வண்டியின் அடியில் சுருண்டு சூடான சைலன்ஸரைச் சுற்றிக்கொள்ளும். ஓடும்போது தெரியாது. டீ குடிக்க நிறுத்திய ஐந்தாவது நிமிடம் புகை வரும்.

அண்ணா நகர் வாசகர்: மாட்டிக்கொண்டால் அபராதம் கட்டிவிட்டு வந்துவிடலாம் என்கிறார்களே?

எங்கே மாட்டினீர்கள் என்பதைப் பொறுத்தது. காப்புக்காடு வேறு, சரணாலயம் வேறு. சரணாலயத்துக்கு 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். 27-ஆம் பிரிவு யார் யார் நுழையலாம் என்று வரையறுக்கிறது. பொதுச் சாலை வழியாகக் கடந்து போகிறவருக்குத் தடையில்லை. சாலையை விட்டு இறங்கியதும் அந்தச் சலுகை முடிந்தது. குற்றத்துக்குப் பயன்படுத்திப் பறிமுதலான வண்டி அரசின் சொத்து என்கிறது 39-ஆம் பிரிவு. வழக்கு ஓடும்வரை வனச்சரக அலுவலக வளாகத்தில் வேப்பிலைச் சருகு மூடிக் கிடக்கும் வண்டிகளைப் பார்த்தால், அபராதம் என்று யாரும் இவ்வளவு லேசாகப் பேசமாட்டார்கள். இருபது லட்ச ரூபாய்க்குத் தார் ஜீப் வாங்கியவர் இதை மட்டுமாவது படித்துவிட்டுப் புறப்படலாம்.

பழவேற்காட்டிலும் பறவைகள் சரணாலயம் உண்டு. கோடையில் சேற்றுத்திட்டு மைதானம்போல் காய்ந்து கிடப்பதைப் பார்த்து இறங்கிவிடாதீர்கள். மேலே ஒரு விரற்கடை காய்ந்த மண் ஓடு, கீழே கரும்சேறு. சிக்கிய வண்டியை இழுக்கும் வின்ச் கயிற்றைக் கட்ட ஒரு மரம்கூட இருக்காது.

பெருங்குடி வாசகர்: கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரம் இரவில் மணலில் ஓட்டுகிறோம். அது காடு இல்லையே?

காடு இல்லை, ஆனால் ஜனவரி முதல் ஆலிவ் ரிட்லி ஆமைகள் முட்டையிட ஏறும் கரை. முட்டைகள் பொரிய ஏறக்குறைய ஒன்றரை மாதம் ஆகும். அதுவரை கூடு எங்கே என்பது மேலிருந்து பார்த்தால் தெரியாது. குஞ்சு வெளியே வந்தாலும் சக்கரத் தடத்தில் விழுந்தால் ஏறமுடியாது, நண்டுக்கும் காக்கைக்கும் இரையாகும். வண்டியின் விளக்கு அதைக் கடலுக்கு எதிர்ப்பக்கமாக இழுக்கும். ஆமை முட்டையிடும் கரைகள் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகளில் மிகக் கடுமையான பிரிவில் இருக்கின்றன. வேண்டாம், விட்டுவிடுங்கள்.

மாதவரம் வாசகர்: தடா, நாகலாபுரம் காடுகளில் ஓட்டலாமா?

இரண்டும் ஆந்திர மாநிலம். அங்கே அந்த மாநில வனத்துறையின் சொல்தான் செல்லும். இங்கே வாங்கிய அனுமதிக் கடிதம் உதவாது.

குரோம்பேட்டை வாசகர்: முன்பக்கம் இரும்பு பம்பர் போட்டிருக்கிறேன். காட்டுச் சோதனைச் சாவடியில் கேட்பார்களா?

சாவடிக்கு முன்பே போக்குவரத்துக் காவலர் கேட்பார். அந்தக் கூடுதல் இரும்பு பம்பர் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுக்கு விரோதம் என்று மத்திய அரசு 2017-இலேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. கூடவே காப்பீட்டுப் பத்திரத்தையும் எடுத்துப் பாருங்கள். பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் இழப்பீடு இல்லை என்று அதில் எழுதியிருக்கும்.

போரூர் வாசகர்: அப்படியானால் எங்கேதான் ஓட்டுவது? ஏரிக்குள் ஓட்டலாமா?

வற்றிய ஏரியும் அரசு நிலம்தான். கரை மேலும், மிகுநீர் வழியும் கலங்கல் மேலும் சக்கரம் ஏறவே கூடாது. கரை தளர்ந்தால் ஐப்பசியில் ஊருக்குள் தண்ணீர் வரும். தனியார் நிலத்தில் உரிமையாளரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கி ஓட்டுங்கள், அல்லது இதற்கென்றே அமைத்த பயிற்சித் தடங்களுக்குக் கட்டணம் கட்டிப் போங்கள். மலைதான் வேண்டுமென்றால் கொழுக்குமலைக்குக் கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்து உள்ளூர் ஜீப் ஏறுகிறது; பின் இருக்கையில் உட்கார்ந்து அந்த ஓட்டுநரின் கியரையும் கிளட்சையும் கவனியுங்கள். எங்கே போனாலும், திரும்பும்முன் டயர் இடுக்குச் சேற்றை அங்கேயே கழுவிவிடுங்கள். பார்த்தீனியம் என்னும் களையின் விதை அதில்தான் ஊர் ஊராகப் பயணம் போகிறது.