கேளுங்கள், சொல்கிறேன்: இரண்டு பெயர் எழுதிய கேக்

கேள்வி: அண்ணனும் நானும் பாம்பனில் பேக்கரி நடத்துகிறோம். போன வாரம் இரண்டு பையன்கள் வந்து, தாங்கள் சேர்ந்து வாழத் தொடங்கி ஒரு வருஷம் ஆகிறது, இருவர் பெயரும் எழுதி ஒரு கிலோ கேக் வேண்டும் என்றார்கள். அண்ணன் முடியாது என்று அனுப்பிவிட்டார். "நாம் வேதக்காரர்கள், இது நம் மதச் சுதந்திரம். அமெரிக்காவில் கோர்ட்டே சொல்லிவிட்டது" என்கிறார். அவர் சொல்வது சரியா?
(பெயர் வேண்டாம், பாம்பன்)

தம்பி, அண்ணன் தீர்ப்பின் தலைப்பை மட்டும் படித்திருக்கிறார். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 2012ல் ஒரு கேக் கடைக்காரர் இரண்டு ஆண்களின் கல்யாணத்துக்குக் கேக் செய்ய மறுத்தார். 2018ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது உண்மைதான். ஆனால் காரணம் வேறு: அவரை விசாரித்த மாநில ஆணையம் அவருடைய மதத்தை இளக்காரமாகப் பேசியது. அதே தீர்ப்பில், மதத்தைக் காட்டிப் பொருள் விற்க மறுப்பது பொதுவாகச் செல்லாது என்றும் எழுதியிருக்கிறார்கள். 2023ல், இப்படிப்பட்ட கல்யாணங்களுக்கு இணையதளம் செய்ய மாட்டேன் என்ற வடிவமைப்பாளர் பெண் ஒருவர் ஜெயித்தார். ஆனால் அது பேச்சுரிமை வழக்கு, மதச் சுதந்திர வழக்கு அல்ல.

அங்கே மதச் சுதந்திரச் சட்டம் 1993ல் வந்த கதையும் கேளுங்கள். பழங்குடிச் சடங்கில் ஒரு வகைக் கள்ளியைத் தின்றதற்காக இரண்டு பேருக்கு வேலை போனது. அவர்கள் வழக்கில் தோற்றதால் பிறந்த சட்டம் அது. எளியவனுக்குக் கேடயமாக வந்ததை, 2015ல் இண்டியானா மாநிலம் தன் சட்டமாக்கியபோது, தன்பால் ஈர்ப்பாளர்களைக் கடையை விட்டுத் துரத்தவா என்று ஊரே கொதித்தது. ஒரே வாரத்தில் திருத்தினார்கள். (நம் நாட்டில் ஒடிசா 1967ல் இதே பெயரில் கொண்டுவந்தது மதமாற்றத்தைக் கட்டுப்படுத்தும் சட்டம். பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்.)

இங்கே அண்ணன் படிக்கவேண்டியது அரசமைப்பின் 25ஆம் பிரிவு. மதச் சுதந்திரம் தருவதற்கு முன்பே அது, பொது ஒழுங்குக்கும் ஒழுக்கத்துக்கும் சுகாதாரத்துக்கும் மற்ற அடிப்படை உரிமைகளுக்கும் உட்பட்டு என்று கட்டிவிடுகிறது. கடைக்குள் நுழைவதில் மதம், சாதி, பால் பார்க்கக்கூடாது என்கிறது 15(2). அந்தப் 'பால்' என்ற சொல்லில் பாலீர்ப்பும் அடங்கும் என்று 2018ல், தன்பால் உறவு குற்றமல்ல என்று சொன்ன 377ஆம் பிரிவுத் தீர்ப்பில் உச்ச நீதிமன்ற நீதிபதி இந்து மல்ஹோத்ரா எழுதினார்.

1986ல் ராமநாதபுரத்தில் வக்கீல் தொழில் தொடங்கியபோது வாடகைக்கு வீடு தேடி அலைந்தேன். ஒரு வீட்டுக்காரம்மா என் சொந்த ஊர் மண்டபம் என்றதுமே, "கருவாடு வறுப்பீங்களே, எங்க சாமி ரூம் பக்கத்துச் சுவரும்மா" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. வாசம் வரத்தான் செய்யும், அது அவர் குடியிருக்கும் வீடு. ஆனால் அதே தெருவில் ஒரு மளிகைக்கடைக்காரர் எனக்குப் புளி தரமாட்டேன் என்றிருந்தால் விட்டிருக்க மாட்டேன். போர்டு மாட்டித் தெருவைப் பார்த்துத் திறந்தது கடை.

எழுத மாட்டேன் என்பதும் விற்க மாட்டேன் என்பதும் ஒன்றல்ல. எந்தக் கேக்கிலும் கெட்டவார்த்தை எழுத மாட்டேன் என்று அண்ணன் சொல்லட்டும், எல்லோருக்கும் ஒரே விதி. இந்தப் பையன்கள் கேட்டது இரண்டு பெயர். விவாகரத்தாகி மறுமணம் செய்தவருக்குக் கேக் போகும்போது அண்ணன் பங்குச்சாமியாரைக் கேட்டுவிட்டா கிரீம் தடவுகிறார்?

ஆர்டர் நோட்டில் பையன்களின் போன் நம்பர் இருக்கும். நீங்களே கூப்பிடுங்கள்.

கேள்வி: என் மகன் தனக்குப் பெண்கள்மேல் நாட்டமில்லை என்கிறான். ஏர்வாடி தர்காவில் தங்கவைத்தால் சரியாகும் என்கிறார்கள் சொந்தக்காரர்கள்.
(ஒரு தாய், தொண்டி)

தங்கச்சி, தர்காவுக்கு அவன் விரும்பி வந்தால் சேர்ந்து போய் ஓதிவிட்டு வாருங்கள். குணமாக்க என்று எங்கும் விட்டுவிட்டு வரக்கூடாது. அந்த ஊரில் 2001 ஆகஸ்டில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் செத்ததை நான் மறக்கவில்லை. தவிர, இது நோயில்லை. 1990லேயே உலக சுகாதார நிறுவனம் நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. மருத்துவம் என்ற பெயரில் இதை மாற்ற முயல்வதை சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021ல் தடைசெய்தார். மீறும் மருத்துவரின் உரிமமே போகலாம். சொந்தக்காரர்களிடம் இதைச் சொல்லுங்கள். அவனிடம் சாப்பிட்டாயா என்று கேளுங்கள்.